தங்கவயல் தொழிலாளியும் நட்ட ஈட்டுச் சட்டமும்



கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அங்கே விளைந்த பொன்னைப் பற்றியே பேசுவர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் தந்த நிலம் அது. தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சுரங்கம் அங்கே இருந்தது. சிவசமுத்திரத்து அருவியிலிருந்து 1902இல் மின்சாரம் வந்து சேர்ந்ததும் அந்த வயலுக்குத்தான். இவை யாவும் பெருமைக்குரிய செய்திகளே. ஆனால் பொன்னோடு கூடப் பிறந்த மற்றொரு பொருளும் உண்டு. அதை எவரும் எடை போட்டுக் கணக்கெழுதவில்லை. அது பாறைத் தூசி. பொன் கப்பலேறிப் போயிற்று. தூசி தொழிலாளியின் நுரையீரலிலேயே தங்கிவிட்டது.

அந்தத் தூசியால் உழைக்கும் ஆற்றலை இழந்தவனுக்குச் சட்டம் என்ன தருகிறது, அதை அவன் எவ்வாறு கேட்டுப் பெறுவது, அதற்குச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்பவற்றை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம், பழைய சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளில் பெரியவர்கள் எடுத்து நீட்டும் தாள்களைப் படித்துச் சொல்வது என் வழக்கம். அந்தப் பழக்கத்தில் கற்றதையும், சட்ட நூல்களில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஊரும் உழைப்பும்

1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலை நிலைநிறுத்தியது. பாறையைத் துளைக்கவும் வெட்டவும் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களில் நிலமற்றுக் கிடந்த ஏழைகள். அவர்களுள்ளும் மிகுதியானவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஊரில் சாதிக்கொடுமை, வயிற்றில் பசி. இரண்டுக்கும் தப்பி வந்தவர்களுக்குப் பூமிக்கடியில் இடம் கிடைத்தது. 1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி மாதத்தோடு சுரங்க வேலை நின்றது.

கம்பெனி மாறியது, கொடி மாறியது, நிர்வாகம் மாறியது. மாறாமல் இருந்தது ஒன்று: பொன் இருந்த பாறை. அது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். அதில் இருப்பது சிலிகா. அதைத் துளைத்தால் எழும் தூசியும் சிலிகாதான்.

நோயின் இயல்பு

கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு கொடியதன்று. மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும். அங்கே அது கரைவதில்லை. அதைச் சுற்றித் தழும்பு வளர்கிறது. தழும்பு வளர வளர, விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப் போகிறது. இதுவே சிலிகோசிஸ் எனப்படும் நோய்.

இந்நோய்க்கு மூன்று இயல்புகள் உண்டு. அம்மூன்றையும் மனத்தில் இருத்தினால்தான் சட்டத்தில் உள்ள சிக்கல் விளங்கும். முதலாவது, இது மெல்ல வருவது. பெரும்பாலும் பத்தாண்டு, இருபதாண்டு தூசியில் நின்ற பிறகே மூச்சிரைப்பு தோன்றும். இரண்டாவது, வேலையை விட்ட பிறகும் இது நிற்பதில்லை. உள்ளே சென்ற துகள் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மூன்றாவது, இது காசநோய்க்குக் கதவைத் திறந்து விடுவது. இரண்டும் சேர்ந்து வரும்போது காசநோய் மட்டும் மருத்துவச் சீட்டில் ஏறும். அதற்கு அடிப்படையான தூசிநோய் ஏறாமலே போகும்.

இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. வருமுன் காப்பதே வழி.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் தெரியவந்த இடமாக மருத்துவ மாணவர்களின் பாடநூல்கள் கோலார் தங்கச் சுரங்கத்தையும் 1947ஆம் ஆண்டையும் குறிக்கின்றன. 1940 முதல் 1946 வரை அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் இருக்கக் கண்டனர். ஐந்து பேர் கூண்டில் இறங்கினால் அவர்களில் இருவருக்கு நோய்! நாட்டுக்கே இந்நோயை அறிமுகம் செய்து வைத்த ஊர் தங்கவயல் என்றால், அவ்வூர்ப் பிள்ளைகளாகிய நாம் அதைப் பற்றிய சட்டத்தையேனும் அறிந்திருக்க வேண்டாமா?

இரண்டு கதவுகள்

உடல் ஆற்றலை இழந்த தொழிலாளி தட்டுவதற்கு இரண்டு கதவுகள் உண்டு. இரண்டையும் ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொள்வோர் பலர்.

முதற்கதவு, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்க உதவி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத குறைபாடு உண்டென்று மருத்துவச் சான்று பெற்றவர், அடையாள அட்டைக்கும் சலுகைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். பாறை விழுந்து காலிழந்த தொழிலாளிக்கு இக்கதவு திறக்கும். வெடியில் கண்ணிழந்தவனுக்கும் திறக்கும். ஆனால் அந்த 21 வகைகளின் பட்டியலில் நுரையீரல் நோய் இல்லை. பத்தடி நடந்தால் மூச்சுத் திணறும் ஒருவரைப் பார்த்து, ‘கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண் இருக்கிறது, உமக்கென்ன குறை?’ என்று அந்தப் பட்டியல் கேட்பது போல் இருக்கிறது.

இரண்டாவது கதவு, நட்ட ஈடு. இது கருணையால் தருவதன்று. வேலையால் வந்த கேட்டுக்கு வேலை கொடுத்தவர் செலுத்த வேண்டிய கடன். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. அதன் மூன்றாம் அட்டவணையில், தொழிலால் வரும் நோய்களின் வரிசையில், சிலிகோசிஸ் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. சிலிகோசிஸ் முக்கியக் காரணமாக இருந்தால், அதனோடு சேர்ந்த காசநோயும் அதில் அடங்கும். ஒரே தொழிலாளி பல முதலாளிகளிடம் தூசியில் உழைத்திருந்தால், அவர்கள் பங்கிட்டுச் செலுத்த வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. நட்ட ஈடு வேண்டாமென்று தொழிலாளியிடம் எழுதி வாங்கிக்கொண்டாலும் அந்த எழுத்து செல்லாது என்றும் கூறிற்று.

இச்சட்டத்தின் இடத்தை இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது. நட்ட ஈட்டுப் பகுதியும் நோய்களின் அட்டவணையும் அதில் இடம்பெற்றுள்ளன. அந்நாளுக்கு முன்பே எழுந்த உரிமைக்குப் பழைய சட்டம் பொருந்துமா, புதியது பொருந்துமா என்பதை வழக்கறிஞர் ஆராய்ந்து சொல்ல வேண்டும். சட்ட உதவி ஏன் தேவை என்பதற்கு இதுவே முதற்காரணம்.

எவ்வளவு கிடைக்கும்?

கணக்கு கடினமானதன்று. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் நிரந்தரமாக முழு ஆற்றலையும் இழந்தால், மாதக் கூலியில் நூற்றுக்கு 60 பங்கை எடுத்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 2020 சனவரி 3 முதல் இக்கணக்குக்கு உச்சக்கூலி 15,000 ரூபாய். ஐம்பது வயதுக்குரிய எண் 153.09. ஆகவே அந்த வயதில் அக்கூலியுடையவர் முழு ஆற்றலையும் இழந்தால், 9,000 ரூபாயை 153.09ஆல் பெருக்க, 13,77,810 ரூபாய் வரும். நூற்றுக்கு 40 பங்கு இழந்தவருக்கு அதில் 40 பங்கு, அதாவது 5,51,124 ரூபாய். தொழிலாளி இறந்துவிட்டால் 60 பங்குக்குப் பதிலாக 50 பங்கைக் கொண்டு கணக்கிட்டு, அவரை நம்பியிருந்த குடும்பத்தாருக்குத் தர வேண்டும்.

இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்பது ‘உடல் எவ்வளவு கெட்டது?’ என்பதை மட்டும் அன்று. ‘சம்பாதிக்கும் ஆற்றல் எவ்வளவு போயிற்று?’ என்பதைத்தான். 1975இல் உச்சநீதிமன்றம் தீர்த்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு தச்சர் இடக்கையை இழந்தார். ஒரு கைதானே போயிற்று என்று வாதாடினர். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது. ஆகவே அவருக்கு இழப்பு நூற்றுக்கு நூறு என்பதை நீதிமன்றம் ஏற்றது. தூசிநோயாளிக்கும் இதே வாதம் பொருந்தும். நாற்காலியில் அமர்ந்து எழுதுபவருக்கு அரை மூச்சு போதலாம். கடப்பாரை பிடிப்பவருக்கு அது போதுமா?

தடைகள் இரண்டு: காலமும் தாளும்

உரிமை இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும் பலருக்குக் கைக்கு எட்டாமற் போவது ஏன்? நான் கண்ட வரையில் தடை இரண்டு.

ஒன்று காலம். நட்ட ஈட்டு மனுவை இரண்டாண்டுக்குள் போட வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. வேலையை விட்டவருக்கு, விட்ட இரண்டாண்டுக்குள் நோயின் குறி தோன்றினால், அது கண்டறியப்பட்ட நாளையே விபத்து நாளாகக் கொள்ளலாம் என்றும் ஒரு விதி உண்டு. சிலிகோசிஸின் இயல்பை முன்னே பார்த்தோம். இருபதாண்டு உள்ளே உறங்கும் நோயைப் பார்த்து, ‘இரண்டாண்டுக்குள் எழுந்து வா’ என்றால் வருமா? 2001இல் குழியை விட்டு வெளியேறிய தொழிலாளிக்கு 2010இல் மூச்சிரைத்தால் அவன் என்ன செய்வான்? சட்டத்தில் ஒரு சிறு வழி இருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டெனக் காட்டினால், கெடு கடந்த மனுவையும் அதிகாரி ஏற்கலாம். நோய் இன்னதென்று மருத்துவரே அறியாமல் காசநோய்க்கு மருந்து கொடுத்துவந்தது ஒரு தக்க காரணம் ஆகாதா? அதை எடுத்துரைக்கும் திறன் தனி மனிதருக்கு எளிதில் வாராது. சட்ட உதவிக்கு இது இரண்டாவது காரணம்.

மற்றொன்று தாள். நோய் இருப்பதை எக்ஸ்ரே காட்டும். நோய் வேலையால் வந்தது என்பதை எது காட்டும்? எந்தச் சுரங்கத்தில், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு, அடியில் வேலையா மேலே வேலையா என்று சொல்லும் பதிவே காட்டும். ஒரு பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நான் பார்த்தவை: கணவரின் ரேஷன் அட்டை, கல்யாணப் படம், சங்கத்துச் சந்தா ரசீதுகள் சில. வேலைச் சான்று இல்லை. எக்ஸ்ரே படத்தை மழைக்காலத்தில் கூரை ஓட்டைக்கு வைத்து அடைத்துவிட்டதாகச் சொன்னார். ‘அதுல என்னடா கண்ணு இருக்கு, கறுப்புத் தாளு’ என்றார். அந்தக் கறுப்புத் தாளில்தான் அவருடைய வழக்கே இருந்தது.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில், சிலிகோசிஸ் கண்டால் நிர்வாகமும் மருத்துவரும் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை இருந்தது. அவ்வாறு அனுப்பப்பட்ட அறிவிப்பு இருந்தால் அதுவும் சான்றாகும். கல்நார்த் தொழில் பற்றி 1995இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பில், தொழிலாளியின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை விட்ட பிறகு 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. அது கல்நாருக்குச் சொன்னது. ஆயினும் மெல்ல வரும் நோய்க்கு நெடுநாள் பதிவு வேண்டும் என்ற நியாயம் எல்லாத் தூசிக்கும் பொதுவன்றோ?

ஆகவே, சேர்த்து வைக்க வேண்டியவை இவை: வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, சேமநல நிதிக் கணக்கு, சுரங்க மருத்துவமனைச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்களும் அவற்றின் அறிக்கைகளும், காசநோய்ச் சிகிச்சை அட்டை, இறந்தவரானால் இறப்புச் சான்று. வேலைச் சான்று தொலைந்திருந்தால், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம் உதவும். அரசாங்க நிறுவனத்தில் உள்ள பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டும் பெறலாம்.

வழக்கறிஞர்க்குப் பணம்?

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது பழைய சொல். அதை மாற்றவே 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் எழுந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவைப் படியுங்கள். பட்டியல் வகுப்பினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர், வருமானம் குறைந்தோர் ஆகியோர் இலவச சட்ட உதவிக்கு உரியவர். தங்கவயல் தொழிலாளியும் அவர் விதவையும் இவற்றுள் ஒன்றில் அல்ல, இரண்டு மூன்றில் அடங்குவர். தாலுகா நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடமோ, மாவட்ட ஆணையத்திடமோ எளிய மனு ஒன்று கொடுத்தால், வழக்கறிஞரை அவர்களே அமர்த்துவர். 15100 என்ற தொலைபேசி எண்ணும் இதற்காகவே உள்ளது.

நட்ட ஈட்டு வழக்கில் தொழிலாளிக்காகப் பதிவுபெற்ற தொழிற்சங்க நிர்வாகியும் தோன்றலாம். வரும் தொகையில் பங்கு கேட்கும் இடைத்தரகரிடம் மட்டும் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலியில் பங்கு பேசுவது வழக்கறிஞருக்கே விதிப்படி தகாது.

வெளியுலகம் காட்டும் வழி

தென்னாப்பிரிக்கா நம்மைப் போன்றே ஆழமான பொற்சுரங்கங்கள் உடைய நாடு. 1912இலேயே அங்குச் சுரங்கத் தூசிநோய்க்குச் சட்டம் உண்டு. ஆனாலும் கறுப்பினத் தொழிலாளிக்குக் கிடைத்தது சொற்பமே. மன்காயி என்ற தொழிலாளி 16,320 ராண்டு பெற்றுக்கொண்டு, அது போதாதென்று கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தார். 2011 மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. சில நாட்களுக்கு முன்னரே இறந்துவிட்டார். ஆனால் அவர் திறந்த வழியில் ஆயிரமாயிரம் பேர் நடந்தனர். 2016இல் எல்லாரும் சேர்ந்து ஒரே வழக்காக நடத்த நீதிமன்றம் இசைந்தது. 2019இல் சமரசம் ஏற்கப்பட்டது. அதன்படி ஒரு பொறுப்புக் குழு அமைக்கப்பட்டு, பழைய தொழிலாளரையும் அவர்தம் விதவைகளையும் தேடித் தொகை வழங்கும் வேலை தொடங்கிற்று.

நம் நாட்டிலும் விழிப்பு இல்லாமல் இல்லை. குஜராத்தில் கோத்ரா வட்டாரத்துக் கல்லரைக்கும் ஆலைகளில் உழைத்துத் தூசிநோயால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 இலட்சம் ரூபாய் தர 2016 மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இராசத்தான் அரசாங்கம் 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது: நோய் உறுதியானால் 3 இலட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம். எந்த முதலாளியிடம் எந்த ஆண்டு உழைத்தார் என்று ஏழையைத் துருவித் துருவிக் கேளாமல், நோயையே சான்றாகக் கொள்ளும் வழி இது. முன்னே சொன்ன காலத்தடையும் தாள்தடையும் இவ்வழியில் பெரிதும் நீங்கிவிடுகின்றன. சுரங்கமும் கல்வெட்டும் உள்ள மாநிலம் எதுவாயினும் படிக்க வேண்டிய பாடம் இது.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். சுரங்கம் மூடிய பிறகு, தங்கவயல் இளைஞர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் கட்டட வேலையில் கல்லறுப்போரும் உளர். பாட்டன் பூமிக்கடியில் விழுங்கிய தூசியைப் பேரன் பதினைந்தாம் மாடியில் விழுங்குகிறான். செயற்கைக் கல்பலகைகளை அறுப்பதால் வரும் இந்நோயைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 சூலை முதல் அக்கல்லையே தடை செய்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நாம் செய்யத்தக்கது

சட்டக் கல்லூரி மாணவர்களும் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதிய எக்ஸ்ரே அறிக்கையும், கன்னடத்தில் எழுதிய நீதிமன்றத் தாளும், தமிழ் மட்டும் அறிந்த முதியவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மூன்றையும் இணைக்கும் பாலம் நாமாக இருக்கலாம். விடுமுறையில் ஒரு கிழமை ஒதுக்குவோம். வீடு வீடாகச் சென்று, இருக்கும் தாள்களை ஆண்டு வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு எந்தச் சுரங்கத்தில் இருந்தார் என்பதை அவர் சொல்லக் கேட்டு, ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுப்போம். மூச்சிரைப்பு உள்ளவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, ‘இவர் சுரங்கத்தில் உழைத்தவர்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சீட்டில் எழுதச் சொல்வோம். வழக்குக்கு உரியவரைச் சட்டப் பணிகள் குழுவின் வாசலுக்கு அழைத்துச் செல்வோம். இவற்றில் எதற்கும் பணம் வேண்டியதில்லை. எழுத்தறிவும் சிறிது பொறுமையும் போதும்.

எல்லாருக்கும் வெற்றி கிட்டும் என்று நான் சொல்லவில்லை. கெடு தவறியவர் பலர். சான்று தொலைத்தவர் பலர். காத்திருந்தே கண் மூடியவர் பலர். ஆனால் கேளாத உரிமையை எந்த அதிகாரியும் வீடு தேடி வந்து தந்ததில்லை. பூமிக்கடியில் இருட்டில் விளக்கேந்திச் சென்றவர்களின் பிள்ளைகள் நாம். அவர்கள் வியர்வையில் நாம் கற்ற எழுத்து, அவர்களுக்காக ஒரு மனுவையேனும் எழுதட்டும்!